மகாராணி கை காட்டுகிற பக்கம்

காலை வெயில் வாசலால் வந்து தகட்டில் விழும்போது மகாராணியின் வெள்ளைக் கையுறை கண்ணைக் கூசப்பண்ணும். கனடாவில் இருக்கிற மகன் அனுப்பிய படம் அது. கடதாசியில் இல்லை, அலுமினியத் தகட்டில் அடித்தது. சட்டம் இல்லை, கண்ணாடியும் இல்லை. எங்கள் தீவில், நாரந்தனையின் உப்புக் காற்று இரும்புக் கட்டிலையே தின்று தீர்க்கிறது, ஆனால் இந்தத் தகட்டை ஒன்றும் செய்யவில்லை. ஈரத்துணியால் ஒருதரம் துடைத்தால் போதும், நேற்று எடுத்த படம்போல் இருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் அதன் முன் நின்று வடிவு என்கிறார்கள். நானும் ஓம் என்கிறேன்.

இது சுவரில் ஏறுமுன் அந்த ஆணியில் இதன் மூலப்படம் தொங்கியது. கலியாணம் முடிந்து இந்த வீட்டுக்கு வந்தபோது என் கணவர் ஒரு துணிப்பையும் அந்தப் படமும்தான் கொண்டுவந்தார். பட்டத்துக்கு வந்த புதிதில் இங்கிலாந்து மகாராணி கொழும்பில் திறந்த காரில் போன படம். என்னுடைய ஐயாவுக்கு அது பிடிக்கவில்லை. வெள்ளைக்காரனே கப்பலேறிப் போய்விட்டான், மருமகன் மட்டும் இன்னும் அவர்களை விடவில்லை என்று பந்தியில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். இவர் சிரித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் சொதி கேட்டார்.

ஒரு கிழமை கழித்து, வீட்டில் ஒருவரும் இல்லாத பகல் நேரம், படத்தைக் கழற்றி என் மடியில் வைத்தார்.

“உந்த மூலையிலை ஆர் நிக்கிறது எண்டு பாரும்.”

சனத்துக்குள் ஒரு பொடியன் சவர்க்காரப் பெட்டியின்மேல் ஏறி நின்றான். பாதி உடம்பு படத்துக்கு வெளியே. வாயெல்லாம் பல். அது இவர்தான். கொழும்பில் எங்கள் தீவு ஆள் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு நின்ற காலமாம். ஸ்டூடியோவின் கண்ணாடிக்குள் படத்தைக் கண்டு வாங்கியிருக்கிறார்.

“அவ என்னைப் பாத்துத்தான் கை காட்டினவ.”

“ஓமோம், உங்களைப் பாக்கத்தானே கப்பலேறி வந்தவ.”

அதற்குப் பிறகு ஒருவருக்கும் அதைச் சொல்லவில்லை. வருகிறவர்கள் ராணி பக்தர் என்று பகிடி பண்ணுவார்கள். அவர் என்னை ஒருதரம் பார்ப்பார், நான் குசினிக்குள் போய்ச் சிரிப்பேன். எங்கள் இருவருக்கும் சொந்தமாக இருந்த சிரிப்பு அது ஒன்றுதான். மற்றதெல்லாம் பிள்ளைகளோடும் ஊரோடும் பங்கு போட்டதுதானே.

சண்டைக்கு இடம்பெயர்ந்தபோது நான் அரிசியைத் தூக்கினேன், அவர் படத்தைத் தூக்கினார். புத்தி பேதலித்துவிட்டதோ என்று ஏசினேன். வள்ளத்தில் கண்ணாடி உடைந்தது, படம் தப்பியது. திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. கலியாணப் படங்கள் இருந்த அலுமாரியும் இல்லை. அவர் செத்தபோது அடையாள அட்டைப் படத்தைத்தான் பெருப்பித்து வைத்தோம். அது சோதனைச் சாவடியில் அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிற ஆளின் முகம். நான் அறிந்தவர் அவரில்லை. திவசத்துக்குத் திவசம் அந்தப் பெரிய படத்துக்குப் பூவும் பொட்டும் வைப்பேன். பிறகு ஒருவரும் பாராத நேரம் சின்ன விரலால் தொட்டு, கண்ணாடி இல்லாத ராணி படத்தின் மூலையிலும் ஒரு துளி சந்தனம் வைப்பேன். கடதாசி அதைக் குடித்துக் குடித்து, அந்த மூலை முழுக்க மண்ணிறமாகிப் போனது. பிற ஆட்களுக்கு அது கறை. எனக்கு அதற்குள் அவர் தெரிந்தார்.

போன முறை வந்த மகன் படத்தைக் கழற்றிப் பார்த்தான். அப்பா ஆசையாக வைத்திருந்த படம், செல்லரித்துப் போகுமுன் தகட்டில் அடித்துத் தருகிறேன் என்றான். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் அந்த மூலையை நான் காட்டியதில்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்தேனா, சொல்ல மனமில்லாமல் இருந்தேனா, இப்போது எனக்கே விளங்கவில்லை. கொண்டு போ என்றேன்.

திருவிழாவுக்கு வந்த என் பெறாமகள், தங்கச்சியின் மகள், கனடாவிலிருந்து தகட்டைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தாள். பிரித்தேன். கார் இருந்தது, ராணி இருந்தா, கையுறை இருந்தது. மூலை இல்லை. பெறாமகள் போனில் மகனைக் கூப்பிட்டு என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் வேலையால் வந்து உடுப்பும் மாற்றாமல் நின்றான். முகமெல்லாம் சந்தோஷம்.

“அந்த மூலை எங்கை தம்பி?”

“அது பழுதாய்ப் போச்சம்மா. கடைக்காரன் வெட்டி நேராக்கித் தந்தவன். இனி இதுக்கு ஒண்டும் ஆகாது.”

“பழசு?”

“தொட்டாலே உதிர்ந்துது. அங்கையே விட்டிட்டன். பிறகு எறிஞ்சுபோட்டினமாம். ஏனம்மா?”

நான் நினைத்திருந்தால் சொல்லியிருப்பேன். அறுபதை நெருங்குகிற பிள்ளை. தகப்பனின் முகத்தைத் தானே வெட்டக் கொடுத்ததை அறிந்து, அந்தப் பனிக்குள் தனியே இருந்து என்ன செய்வான்? கறை வைத்ததும் என்னுடைய விரல்தானே.

“சும்மா கேட்டனான். வடிவாய் இருக்கு, தம்பி.”

பெறாமகள் என் கண்ணைப் பார்த்தாள். கண்ணில் தூசி என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஆணி எங்கே என்று கேட்டுக்கொண்டு எழும்பினேன்.

இப்போது வீட்டில் நானும் ராணியும்தான். அவ இன்னும் அந்தப் பக்கமே பார்த்துக் கை காட்டுகிறா. அந்தப் பக்கத்தில் தகடு முடிகிறது, பிறகு சுவர். இந்த முறை திவசத்தன்று, தகட்டின் ஓரத்திலிருந்து மூன்று விரல் தள்ளி, அவர் நின்றிருக்க வேண்டிய உயரத்தில், சுவரில் ஒரு பொட்டு வைத்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை கண்டுவிட்டு, “ஆச்சி, சுவரிலை சந்தனம் பட்டிருக்கு” என்றது. துடைக்கவும் கையைக் கொண்டுபோனது.

“விடு மோனை, அது வைச்சது” என்றேன்.

தகடு எனக்குப் பிறகும் கனகாலம் இருக்கும். வெயிலுக்கு மங்காது, உப்புக்குக் கரையாது. சுவரில் வைத்த சந்தனம் இரண்டு கிழமையில் காய்ந்து உதிர்ந்துவிடும். உதிர உதிரக் குழைத்து வைக்கிறேன்.