முழங்கையின் ஆயுள்

முடக்குவாதம் என் மனைவியின் மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு வந்தது. வலது முழங்கை மடங்காமல் போனபோது, சோற்றை அள்ளிய கை வாய்க்கு எட்டவில்லை. திருச்சியில் அந்த மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்தார்கள். புண் ஆறியபின் அரியலூர் வீட்டில் அவளே பிசைந்து, அவளே உண்டாள். அந்த அறுவையிடம் அவள் வேறெதையும் கேட்கவில்லை. கனமான எதையும் ஆயுளுக்கும் அந்தக் கையால் தூக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. உலோகம் உறுதியானதுதான், அதைப் பற்றிநிற்கும் எலும்பு நோயில் மெலிந்தது என்று மருத்துவர் விளக்கினார்.

என் உறவினர்களுக்கு இது விளங்கவே இல்லை. இரும்பு வைத்த கை எலும்புக் கையைவிட வலியது என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். சில ஆண்டுகள் கழித்து என் தங்கை மகளின் மஞ்சள் நீராட்டு பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாய்மாமன் சீரில் முதல் தட்டை மாமன் மனைவி சுமப்பது எங்கள் வழக்கம். தேங்காயும் வாழைப்பழமும் குவித்த பித்தளைத் தாம்பாளத்தைத் தங்கை என் மனைவியிடம் நீட்டினாள்.

“கனம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு,” என்றேன்.

“ஆமா, பெரிய டாக்டரு! அண்ணிக்கென்ன, இரும்புக் கை. எங்களுக்குத்தான் கழண்டு வுழும்,” என்றாள் தங்கை. சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

“விடுங்க, மண்டபத்து வாசல் வரைக்கும்தான,” என்று என் மனைவி வாங்கிக்கொண்டாள்.

அதன்பின் எந்த விசேஷத்திலும் அவளை விடவில்லை. தட்டோடு நிறுத்திப் படம் பிடித்தார்கள். புதிதாக வந்த மருமகள்களுக்கு “இரும்புக் கைக்காரி” என்று காட்டினார்கள்.

மூட்டு தளர்ந்தது. எந்த ஒரு நாளையும் குற்றம் சொல்ல முடியாது, கனமே தூக்காதவர்களுக்கும் தளர்வதுண்டு என்றார் மருத்துவர். நியாயமான பேச்சு; நான் மறுக்கவில்லை. மறு அறுவையைத் தாங்க எலும்பு போதாது என்றும் சொன்னார். கை மறுபடியும் வாய்க்கு எட்டாமல் ஆனது. இடது கை விரல்களும் அதற்குள் மடங்கிப்போயிருந்ததால் நான் ஊட்டினேன். கவளம் நெருங்கும்போதெல்லாம் அவள் கண்களை மூடிக்கொள்வாள். பாதியில் “போதுங்க” என்பாள். பசி தீர்ந்து சொன்னதல்ல அது.

சென்ற மாதம் இறந்தாள். காரியம் முடிந்து பந்தி நடந்தது. எச்சில் கை காயாமல் தங்கை என் எதிரே வந்து நின்றாள்.

“கடைசி வரைக்கும் உங்க கையாலயே ஊட்டிவுட்டீங்களேண்ணே. எந்தப் பொம்பளைக்கு அமையும்? அண்ணி குடுத்து வச்சவ.”

பந்தியில் இருந்தவர்கள் மென்றபடியே தலையாட்டினார்கள். என் மனைவி ஒரு நாளும் அப்படி நினைத்ததில்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள். தொடாத இலையை மூடிவிட்டு எழுந்தேன்.