வேனுக்கு அடியில் ஈரம்

போன வாரம் எங்கள் காரில் ஒரு கசிவு. நாகமலை புதுக்கோட்டையில் வீட்டு முன்னால் நிறுத்தியிருந்த வண்டிக்கு அடியில், சிமெண்டுத் தரையில், பச்சையாக ஒரு வட்டம். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துப் பதறிப்போய் ஃபோன் செய்ய, சர்வீஸ்காரர் ஒருவர் பைக்கில் வந்தார். ரேடியேட்டரில் ஏதோ சாயத்தை ஊற்றினார். கொஞ்ச நேரம் என்ஜினை ஓடவிட்டார். ஊதா வெளிச்சம் அடிக்கிற டார்ச் ஒன்றை உள்ளே காட்டினார். ஒரு குழாய் இடுக்கில் பளிச்சென்று மஞ்சள் பச்சையாக மின்னியது. "இந்தா இருக்குல்ல" என்றார். நான் போட்டுக் கொடுத்த காபி ஆறக்கூட இல்லை.

"சாக்பீஸ் தூளைப் போட்டிருந்தாலே தெரிஞ்சிருக்குமே தம்பி" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் வானத்தைப் பார்த்தார். சர்வீஸ்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, அறுபதை நெருங்கும் ஒரு அம்மா திடீரென்று இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? ஆனால் பானெட்டைத் திறந்ததும் வந்த வாசனை இருக்கிறதே, சூடான ரப்பரும் வெந்த தண்ணீரும் கருகின தூசியும் கலந்தது, அது என்னைக் கொண்டுபோய் ஒரு பள்ளிக்கூட வேனின் முன் இருக்கையில் உட்கார வைத்துவிட்டது.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. மதுரையில் ஒரு கத்தோலிக்கப் பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சர். வேலையோடு சேர்த்து ஒரு பட்டமும் கொடுத்தார்கள்: வேன் இன்சார்ஜ். பெயர்தான் பெரிது, பிள்ளைகளை எண்ணி ஏற்றி எண்ணி இறக்குவதுதான் உத்தியோகம். எங்கள் வேன் மேலூர் ரோட்டில் போய்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வரும். அந்தக் காலத்து வேனில் என்ஜின் வெளியே முன்னால் இருக்காது, டிரைவருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே, ஒரு தகரப் பெட்டிக்குள் குடியிருக்கும். பக்கத்து இருக்கை என்னுடையது. என் வலது கால் எப்போதும் வெந்துகொண்டே இருக்கும். இரண்டு சேலைக்குக் கரை பொசுங்கியிருக்கிறது.

ஆனால் அந்தச் சூட்டில் ஒரு லாபமும் இருந்தது. விடியற்காலையில் சாப்பிடாமல் ஓடிவருகிறவள் நான். டிரைவர் சவரியண்ணன் என் டிபன் டப்பாவைக் கேட்டு வாங்கி என்ஜின் பெட்டி மேல் வைப்பார். "இங்கிட்டுக் குடுங்க டீச்சர், ஸ்கூல் போறதுக்குள்ள சுடச்சுட ஆயிரும்." இட்லி அப்படியே அடுப்பிலிருந்து இறக்கினது போல இருக்கும். எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்தால் வேன் முழுக்க மணக்கும், பின் சீட்டில் பிள்ளைகள் மூக்கை உறிஞ்சுவார்கள். ஒருமுறை நான் அறிவாளித்தனமாகத் தயிர்ச்சாதத்தை வைத்துவிட்டேன். அது என்ன ஆனது என்பதை இங்கே எழுத வேண்டாம். இயற்பியலுக்கும் சமையலுக்கும் சம்பந்தமில்லை என்று சவரியண்ணன் ஒரு வாரம் கேலி செய்தார்.

சவரிமுத்து என்பது முழுப்பெயர். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான ஆள். கண்ணாடியில் ஒரு ஜெபமாலை தொங்கும். காலையில் நாங்கள் யாரும் வருவதற்கு முன்பே வந்து, வண்டியைத் துடைத்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, மாதா பாட்டு ஏதாவது முணுமுணுத்துக்கொண்டு நிற்பார். அவருடைய மகள் ஜெனிட்டா எங்கள் பள்ளியில்தான் ஏழாவது படித்தாள். அப்பா பள்ளி ஊழியர் என்பதால் அவளுக்குச் சலுகையில் இடம். அவருக்கு அந்த வேலை போனால் அவளுக்கு அந்தப் பள்ளியும் போகும். இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த வருஷம் கோடையில் வேன் கொதிக்க ஆரம்பித்தது. யானைமலை தாண்டி நட்ட நடு ரோட்டில், சூடு காட்டும் முள் சிவப்புக்கு ஏறி, பெட்டி இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. பிள்ளைகளை இறக்கிப் புளியமர நிழலில் நிறுத்தினோம். சவரியண்ணன் துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே தண்ணீர் அடியில் போய்க் கிடந்தது. பத்து நாள் கழித்து மறுபடியும் அதே கதை. அன்றைக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வெயிலில் மயங்கி விழுந்துவிட்டாள். பெற்றோர்கள் பள்ளிக்கூடத்துக்கே வந்து சத்தம் போட்டார்கள்.

தலைமையாசிரியை சிஸ்டர் மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் காலையில், வண்டி குளிர்ந்து கிடக்கையில், பெட்டியைத் திறந்து பார்த்தார். எல்லாம் காய்ந்து கிடந்தது. கீழே குனிந்தும் பார்த்தார். வேனுக்கு அடியில் மண் ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் பள்ளி மைதானம் முழுக்கவே அந்த நேரத்தில் ஈரமாகத்தான் இருக்கும். புழுதி கிளம்பாமலிருக்க ஆயா ரோசம்மாக்கா தினமும் விடிந்ததும் தண்ணீர் தெளிப்பார். "லீக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். தண்ணி ஊத்துனா ஏன் கொதிக்குது?" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போய்விட்டார்.

சவரியண்ணன் என்னிடம் வந்தார். "டீச்சர், தெனமும் ரெண்டு சொம்பு குடிக்குது. ஊத்தாம ஒரு நாளும் எடுத்ததில்ல. இம்புட்டுத் தண்ணி எங்கிட்டுப் போகுதுன்னே எனக்கு வெளங்கல."

எனக்கும் விளங்கவில்லை. விளங்காததை விளங்கவில்லை என்று சொல்ல வேண்டியதுதானே? நானோ இயற்பியல் டீச்சர். தண்ணீர் காற்றில் கரையாது, கசிவு இல்லையென்றால் ஊற்றவில்லை என்றுதான் அர்த்தம். கணக்கு நேராக இருந்தது. சிஸ்டர் வேன் இன்சார்ஜ் அறிக்கை கேட்டபோது பதிவேட்டில் ஒரே வரியில் எழுதினேன்: ஓட்டுநர் தண்ணீர் ஊற்றாமல் வண்டியை எடுத்துள்ளார். ஊற்றவில்லை போலும் என்றுகூட எழுதவில்லை. இன்னொரு முறை நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று சிஸ்டர் கீழே எழுதினார். அதற்கும் கீழே, படித்தேன் என்பதற்கு அடையாளமாக, சவரியண்ணன் கையெழுத்துப் போட வேண்டும். வாங்கிப் படித்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளை காப்பி நோட்டில் எழுதுவது போல, குண்டு குண்டாக, ம. சவரிமுத்து என்று எழுதிக் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து ஜெனிட்டா வேனில் முன் வரிசையை விட்டுக் கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள். சவரியண்ணன் டப்பாவைக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. ஆறிப்போன இட்லியைத் தின்றுகொண்டு, நான் செய்தது நியாயம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு சனிக்கிழமை, சிறப்பு வகுப்புக்காக நான் டவுன் பஸ் பிடித்து முன்னதாகவே வந்துவிட்டேன். ரோசம்மாக்கா வாளியோடு மைதானத்தில் தெளித்துக்கொண்டே வந்தார். வேன் நிற்கிற இடம் வந்ததும் அதைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

"என்னக்கா, வேனுக்கு அடியில தெளிக்கலையா?" என்று சும்மா பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"அங்க எதுக்கு டீச்சர்? அங்கதான் எப்பவும் ஈரமாக் கெடக்கே. சவரி சாயங்காலம் வண்டி கழுவுறாப்ல. எனக்கு ஒரு வாளி மிச்சம்" என்று சிரித்தார்.

சவரியண்ணன் சாயங்காலம் வண்டி கழுவுவதில்லை. காலையில் துடைப்பதோடு சரி. அது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு வேனைக் கொண்டுவந்து நிறுத்தினதும் நானும் அவரும்தான் ஒன்றாகக் கேட்டைத் தாண்டுவோம். ஆயா தெளித்த ஈரம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். டிரைவர் கழுவின ஈரம் என்று ஆயா நினைத்தார். நடுவில் அந்த ஈரத்தை யாருமே ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அங்கேயே மண்ணில் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தேன். மேலே என்ஜின் காய்ந்திருந்தது, கீழே மண் கறுத்து நனைந்திருந்தது.

சவரியண்ணன் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே பெட்டி மூடியைக் கழற்றினார். கிழிந்த பனியன் துணியை மண்ணெண்ணெயில் நனைத்துப் பம்பையும் குழாய்களையும் துடைத்தார். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிய பிறகு, என்ஜின் நன்றாகக் கொதிப்பேறியிருந்த நேரத்தில், அணைத்துவிட்டுத் திறந்தோம். அடியில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. "இந்தா, இந்த ஓஸுதான்" என்று அவர் கை வைத்தார். எனக்கு அப்போதுதான் கொஞ்சம் இயற்பியல் திரும்ப வந்தது. தண்ணீர் கீழேதான் வரும், அதனால் கீழே இருக்கிறதெல்லாம் நனைந்துதான் இருக்கும். எங்கே ஆரம்பிக்கிறது என்றல்லவா பார்க்க வேண்டும்? ஆனால் எல்லாமே கறுப்பு, கறுப்பின் மேல் ஈரம் எப்படித் தெரியும்?

ஓடிப்போய் இரண்டு வகுப்பறையிலிருந்து டஸ்டர்களை அள்ளிக்கொண்டு வந்தேன். ஈரத்தைத் துடைத்துவிட்டு, என்ஜின் மேல் இரண்டு டஸ்டரையும் சேர்த்துத் தட்டினேன். வாரம் முழுக்க எழுதி அழித்த சாக்பீஸ் தூள் பனி போல இறங்கியது. என் முகத்திலும் அவர் முகத்திலும் பாதி. ரோசம்மாக்கா தூரத்தில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு காத்திருந்தோம். சவரியண்ணன் வாய்க்குள் ஒரு அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லி முடித்தார், இரண்டாவது தொடங்கினார்.

வெள்ளைக்கு நடுவே ஒரு கோடு இறங்கியது. பென்சிலால் போட்டது போல மெல்லிசாக. விசிறிக்குப் பின்னால் இருக்கிற தண்ணீர்ப் பம்பின் வயிற்றில் ஒரு சின்ன ஓட்டை உண்டு, உள்ளே இருக்கிற சீல் தேய்ந்துபோனால் தண்ணீர் அது வழியாகத்தான் வெளியே வரும். கோடு அங்கேதான் ஆரம்பித்தது. வண்டி ஓடும்போது விசிறி அந்தத் தண்ணீரை அள்ளிச் சூடான சைலன்சர் குழாய் மேல் அடித்து ஆவியாக்கிவிடுகிறது. நின்ற பிறகு மண் குடித்துவிடுகிறது. குளிர்ந்த பிறகு கசிவதே இல்லை. மெக்கானிக் பார்த்தது குளிர்ந்த பிறகு.

சவரியண்ணன் துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவர் வேன் படியில் உட்கார்ந்து, தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். எழுந்து ஏழாம் வகுப்பு வாசலுக்குப் போய், அங்கே பாடம் நடத்திக்கொண்டிருந்த டீச்சரிடம் கைகூப்பிக் கேட்டு, ஜெனிட்டாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். என்ஜின் பக்கம் அவளைக் குனிய வைத்து, விரலால் அந்தக் கோட்டைக் காட்டினார்.

"பாரு பாப்பா. நல்லாப் பாரு. அப்பா ஊத்துனேன்ல?"

அவள் பார்த்தாள். தலையாட்டினாள். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

பம்ப் மாற்றியாகிவிட்டது, வேன் அப்புறம் கொதிக்கவே இல்லை. சிஸ்டர் சவரியண்ணனைக் கூப்பிட்டு இரண்டு நல்ல வார்த்தை சொன்னார். பதிவேட்டில் பக்கத்துக்கெல்லாம் எண் போட்டிருந்ததால் கிழிக்க முடியாது, அதனால் என் வரிக்குக் கீழேயே என் வரி தவறு என்று எழுதினேன். அதற்கும் அவர் கையெழுத்துப் போட்டார். "மன்னிச்சுருங்கண்ணே" என்றேன். "அட, விடுங்க டீச்சர், நீங்கதான கண்டுபிடிச்சுக் குடுத்தீங்க" என்றார். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனிதர், டப்பாவைக்கூட மறுபடி கேட்டு வாங்கினார். ஜெனிட்டாவும் ஒரு மாதத்தில் முன் வரிசைக்கு வந்துவிட்டாள்.

ஆனால் திங்கட்கிழமை காலையில் நான் போகும்போது, பெட்டி மூடியைத் திறந்துவைத்து, கையில் சொம்போடு நின்றுகொண்டிருந்தார். நான் கிட்டே போனதும், "டீச்சர், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஊற்றினார். மறுநாளும் அப்படியே. "எதுக்குண்ணே இது? வேணாம்" என்றேன். "இல்ல டீச்சர், நீங்க ஒருக்கா பாத்துட்டா எனக்கு நிம்மதி" என்றார். நான் வரத் தாமதமானால் வாட்ச்மேனைக் கூப்பிடுவார். அவரும் இல்லையென்றால் ரோசம்மாக்கா.

அந்த வேன் இப்போது இல்லை, இரும்புக் கடைக்குப் போய்விட்டது. மைதானத்தில் சிமெண்டுக் கல் பதித்துவிட்டார்கள், தெளிக்க ஆளும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். ஜெனிட்டா பேரையூர்ப் பக்கம் டீச்சராக இருக்கிறாள், சவரியண்ணனும் அவளோடுதான் இருந்தார், போன வருஷம் தவறிவிட்டார் என்று தாமதமாகத்தான் கேள்விப்பட்டேன். இதெல்லாம் போனதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் தூக்கத்தைக் கெடுக்கிற வருத்தம் இல்லை. நான் அந்தப் பள்ளியில் அதன் பிறகு ஆறு வருஷம் இருந்தேன். அந்த ஆறு வருஷத்தில், பக்கத்தில் யாரையாவது நிறுத்திக்கொள்ளாமல், சவரியண்ணன் அந்த வண்டிக்கு ஒரு சொம்புத் தண்ணீர்கூடத் தனியாக ஊற்றி நான் பார்க்கவில்லை.