காய்ச்சிய பால்

பால் புட்டி இளஞ்சூடாக இருந்தது. ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வட்டவடைப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து ஜீப்பில் வந்திருந்தார் ஆயாம்மா. தேயிலைக் கொழுந்து கிள்ளப் போகும் பெண்கள் காப்பகத்தில் விட்டுச் செல்லும் கைக்குழந்தைகளைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்கு. எழுபதுகளின் நடுப்பகுதி அது. எஸ்டேட் ஆஸ்பத்திரியின் ஆய்வகத்தில் நான் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆய்வகம் என்றால் ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி, கிருமி வளர்க்க ஒரு சூட்டுப்பெட்டி. வெள்ளைக் கோட்டுக்கு மட்டும் குறைவில்லை. கையில் பட்ட சூட்டை அவருடைய மடிச்சூடு என்று எண்ணிக்கொண்டு புட்டியை வாங்கி வைத்தேன். இத்தனை வருடம் கழித்தும் அந்த அசட்டுத்தனத்தை நினைத்தால் எனக்கு என்மேலேயே கோபம் வரும்.

அந்த வாரம் காப்பகத்துப் பிள்ளைகளில் ஆறேழு பேருக்கு ரத்தபேதி. ஒரு வயது நிரம்பாத பெண் குழந்தை ஒன்று இறந்துபோயிற்று. பிள்ளைகளின் மலத்தில் கிருமி இருப்பதை டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். அது எங்கிருந்து வந்தது என்பதுதான் தெரியவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு வரும் ஓடைத் தண்ணீரா, காப்பகத்தில் கொடுத்த பாலா? லயத்து ஜனங்கள் எங்கள் பரிசோதனைக்காகக் காத்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆயாம்மா உட்கார்ந்த பாயில் வேறு யாரும் வந்து உட்காரவில்லையாம். பாலில் கிருமி இருந்தால் அவருடைய வேலை போய்விடும் என்று மானேஜரும் சொல்லியிருந்தார்.

பிள்ளைகள் குடித்து மீந்த பாலைத்தான் அவர் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு துளியைத் தட்டில் பூசி, சூட்டுப்பெட்டியில் வைத்து இரண்டு நாள் காத்திருந்தேன். கிருமி உயிரோடு இருந்தால் புள்ளி புள்ளியாக வளர்ந்து கண்ணுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றே. தட்டில் ஒன்றுமே வளரவில்லை. டாக்டருக்கும் நிம்மதி. நல்ல செய்தியை நானே சொல்கிறேன் என்று பெருமையாகக் காப்பகத்துக்குக் கிளம்பிப் போனேன்.

ஆயாம்மா சந்தோஷப்படவில்லை. காய்ச்சின பாலில் கிருமி உயிரோடு இருக்குமா என்று கேட்டார். அப்போதுதான் புட்டியின் சூடு எனக்கு நினைவுக்கு வந்தது. திரிந்துவிடக் கூடாதே என்று அந்தப் பாலைக் காலையும் மாலையும் காய்ச்சி வைத்திருக்கிறார். ஜீப் ஏறுவதற்கு முன்னாலும் ஒரு கொதி விட்டிருக்கிறார். எந்த வீட்டிலும் பாலை அப்படித்தானே பாதுகாப்பார்கள்? ஆனால் பிள்ளைகளுக்குக் கொடுத்த அன்று, வாய் வெந்துவிடுமே என்று அதே பாலில் பச்சைத் தண்ணீர் ஊற்றித்தான் ஆற்றியிருக்கிறார். அந்தத் தண்ணீர்தான் அவர் மனதை அறுத்துக்கொண்டிருந்தது.

இதை யாரிடமும் சொல்லவேண்டாம், உங்கள் வேலை போய்விடும் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

“காய்ச்சித்தான் கொண்டாந்தேன்னு எழுதிக்கிடுங்க தம்பி. நல்ல பேரு எனக்கு எதுக்கு? அந்தப் பிள்ள எங் கையால போச்சா இல்லையான்னு தெரியணும்.”

எழுதினேன். பாலைக் கொண்டு எதையும் சொல்ல முடியாது என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். மானேஜர் ஆயாம்மாவை வேலையிலிருந்து நீக்கவில்லை. பால் கொடுப்பதற்கு வேறொருத்தியை வைத்துவிட்டு, அவரைப் பெருக்கவும் துடைக்கவும் விட்டார்.

இப்போது என் மகள் உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். போன மாதம் என்னை அழைத்துப் போய்க் காட்டினாள். கிருமியின் மரபுப் பொருளில் ஒரு சிறு துணுக்கு கிடைத்தால் போதும், அதைக் கோடிக்கணக்கில் பெருக்கி இன்ன கிருமி என்று சில மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது கருவி. செத்த கிருமி என்றால்? அதன் துணுக்கும் பெரும்பாலும் அகப்பட்டுவிடும் என்றாள். காய்ச்சிய பாலிலுமா என்று இரண்டு தடவை கேட்டேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது என்று அவள் சிரித்தாள். ஆயாம்மா உயிரோடு இல்லை. இருந்தாலும் அந்தப் பால் எங்கே இருக்கிறது? அன்றைக்கே இந்தக் கருவி இருந்திருந்தால் பதில் கிடைத்திருக்கும். அந்தப் பதிலை அவர் தாங்கியிருப்பாரா என்று நினைக்கும்போது, நான் கண்ணால் பார்த்த ஒரு காலைப்பொழுது நினைவுக்கு வருகிறது.

குழந்தை இறந்து இரண்டு வருடம் இருக்கும். அம்மை குத்த வந்தவர்களோடு நானும் காப்பகத்துக்குப் போயிருந்தேன். ஆயாம்மா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். இறந்த குழந்தையின் தாய், அதற்குப் பின் பிறந்த மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவனை அன்றுதான் முதல்முறையாக விட வந்திருக்கிறாள். பால் கொடுப்பவள் கையை நீட்டினாள். தாய் அவளைத் தாண்டிப் போய் ஆயாம்மாவின் எதிரில் நின்றாள்.

“இவனுக்கு நீங்கதான் பால் குடுக்கணும் ஆயாம்மா.”

ஆயாம்மா துடைப்பத்தைக் கீழே போட்டார். ஆனால் பிள்ளையை வாங்கவில்லை.

“எனக்கு இன்னும் தெரியலையே தாயி.”

“எனக்குந்தான் தெரியாது” என்று சொல்லி, பிள்ளையை அவர் தோளில் சாய்த்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு அவள் மலையேறிப் போனாள்.