விரலா, கணினியா?

தென்காசியில் ஒரு கணினி மையத்தில் வேலை செய்கிறேன். கணினி இயங்குதளத்தின் புதிய பதிப்பு, முறையாக வெளிவருவதற்கு முன்பே சோதனைக்காக இணையத்தில் கிடைத்தது. பயன்படுத்தியவர்களின் கருத்துகளைப் படித்து நிறை, குறை என்று பட்டியல் போட்டேன். ஒருவர் அபார வேகம் என்றார். இன்னொருவர் திறக்கவே இல்லை என்றார். குழப்பமாக இருந்தாலும், நிறைகளே அதிகம் என்பதால் மையத்துக் கணினியில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் இலத்தூரிலிருந்து செல்லம்மாள் அக்கா வந்தார். ராணுவத்தில் வேலை பார்த்து இறந்த கணவரின் ஓய்வூதியம் தொடர, தான் உயிருடன் இருப்பதை விரல் ரேகை வைத்து உறுதிசெய்ய அன்றுதான் கடைசி நாள். கருவியில் விளக்கு எரிந்தது, ரேகை பதியவில்லை. பீடி சுற்றுபவர்களுக்கு ரேகை தேய்ந்து, அதில் புகையிலைத் தூளும் படிந்திருப்பது இங்கே சகஜம். அதனால் கையைக் கழுவி வரச் சொன்னேன். மூன்று முறை கழுவினார். பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம்.

"முப்பது வருசமா பீடி சுத்துதேன் பிள்ள. நான் உசுரோட இருக்கேன்னு இந்த மெசினு ஒத்துக்கிட மாட்டேங்கு. பென்சன் நின்னுபோச்சுன்னா என்ன செய்வேன்?" என்றார்.

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. சும்மா என் விரலை வைத்தேன். அதுவும் பதியவில்லை. சந்தேகம் அப்போதுதான் கணினி மேல் திரும்பியது.

கருவியைக் கழற்றிக்கொண்டு, அடுத்த தெருவில் தோழி நடத்தும் மையத்துக்கு அவரைக் கூட்டிப்போனேன். அங்கே பழைய பதிப்பு. முதல் விரலிலேயே பதிந்தது.

"அப்போ என் வெரலு நல்லாத்தான் இருக்கு. ஒன் கம்ப்யூட்டர மொதல்ல கழுவு," என்றார் அக்கா.

நான் படித்த கருத்துகளில் ஒன்றுகூட ரேகைக் கருவியைப் பற்றியது அல்ல. இப்போது சோதனைப் பதிப்புகளை என் மடிக்கணினியோடு நிறுத்திக்கொள்கிறேன். மையத்தில் யாருடைய ரேகையாவது பதியாவிட்டால், முதலில் என் விரலை வைத்துப் பார்க்கிறேன்.