எந்தப் பட்டி?

கால்நடை ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் மருந்து கலந்தவளை எல்லோரும் கம்பவுண்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். முட்டியில் ஆபரேஷன் ஆன பிறகு டாக்டர் அவளைப் போன் மேஜைக்கு மாற்றிவிட்டார். வரும் அழைப்பைக் குறித்து வேன் டிரைவரிடம் சீட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மற்றவர்கள் பொறாமைப்பட்டார்கள். அவளுக்கோ நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலைத் திறப்பாள், மூடுவாள். மருந்து அலமாரியைப் போய் எட்டிப் பார்ப்பாள். புதுக் கம்பவுண்டர் முறைத்ததும் திரும்பி வருவாள்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஒரு ஆள் மூச்சிரைக்கப் பேசினார்.

"அம்மா, ரெண்டு ஆடு வயிறு உப்பிக் கீழே விழுந்து கிடக்கு. டாக்டரை உடனே அனுப்புங்க!"

"எங்க இருக்கு?"

"பட்டியிலதாம்மா. பஸ் டிப்போவைத் தாண்டி."

அதோடு லைன் கட்டாகிவிட்டது. திருப்பிப் போட்டாள். போகவில்லை. 'பட்டி, டிப்போ தாண்டி' என்று எழுதிக் கொடுத்தாள். தெருவில் திரியும் மாடுகளைப் பிடித்து அடைக்கிற நகராட்சிப் பட்டியும் அந்தப் பக்கம்தான். வேன் நேராக அங்கே போய் நின்றது. காவலாளி சாவியைத் தேடிப்பிடித்துக் கதவைத் திறந்தால், உள்ளே நாலு மாடும் ஒரு கழுதையும் சாவகாசமாக வைக்கோல் மென்றுகொண்டிருந்தன.

பதினொன்றரைக்கு அதே ஆள் மறுபடி கூப்பிட்டார். வேன் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டு ஆடும் செத்துப்போயிருந்தன. மூன்றாவதாக உப்பத் தொடங்கிய ஒன்றை மட்டும் டாக்டர் குழாய் விட்டுக் காப்பாற்றினார்.

"இனிமே அடையாளம் கேட்டு எழுதுங்கம்மா," என்றார் டாக்டர், கையைக் கழுவிக்கொண்டே. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

மறுநாள் அரை நாள் லீவு போட்டாள். டிப்போவில் இறங்கி, அறுவடை முடிந்த வயல் வழியே முட்டியைப் பிடித்தபடி நடந்தாள். வெட்டிய முள்ளை வட்டமாகப் போட்டு அடைத்த வேலி; அதுதான் அந்த ஆள் சொன்ன பட்டி. உள்ளே அறுபது எழுபது ஆடுகள். பிறந்த குட்டிகளை ஒரு பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்து மூடியிருந்தார்கள்.

அவள் யாரென்று சொன்னதும் ஆட்டுக்காரர் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அவர் மனைவிதான் பிடித்துக்கொண்டாள்.

"பட்டின்னா உங்களுக்கு அதுதான் ஞாபகம் வருதா? பிடிச்சுட்டுப்போய் அடைக்க எங்க ஆடு என்ன களவா பண்ணிச்சு?"

"தப்புத்தான் தங்கச்சி. இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"ரெண்டும் சினை ஆடுக்கா," என்றாள் அவள், குரல் தணிந்து.

கம்பவுண்டரம்மா ஆட்டுக்காரர் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"அண்ணே, நாளைக்கு உங்களைத் தேடினா இங்கதான் இருப்பீங்களா?"

"நாளைக்கு வேற வயல்ல கிடை போடுறோம். எருவுக்காகக் கூப்பிடுறாங்க. அங்க முள்ளு கிடையாது, சும்மா மறிச்சுப் படுக்க வைக்கிறதுதான். அதைப் பட்டின்னு சொல்லமாட்டோம்."

"அப்போ மாட்டுக்கு?"

"கூரை போட்டுக் கட்டினா தொழுவம். கொட்டில்னும் சொல்வாங்க. ஆளுக்கு ஆள் மாறும்மா. சில பேரு மந்தையையே பட்டின்னுதான் சொல்வாங்க."

போன் மேஜைக்கு வந்ததிலிருந்து எத்தனை சீட்டு தப்பான பட்டிக்குப் போயிருக்குமோ என்று நினைத்தாள்.

அடுத்த வாரத்திலிருந்து அவளிடம் போன் பேசியவர்கள் பாடு திண்டாட்டம். கூரை உண்டா? முள் வேலியா, சுவரா? நேற்றும் அங்கேதான் இருந்ததா? பக்கத்தில் என்ன தெரிகிறது? "என் மாடு கன்னு போட முடியாமக் கிடக்கு, நீங்க கதை கேக்கறீங்களா?" என்று ஒருவர் கத்தினார். ஒவ்வொருவரும் சொன்ன சொல்லை நோட்டில் எழுதி, எதிரே அர்த்தமும் குறித்தாள். ஒரே சொல்லுக்கு ஐந்து அர்த்தம் சேர்ந்தது.

"இது ஆஸ்பத்திரியா, அகராதி ஆபீஸாம்மா?" என்றார் டாக்டர். ஆனால் அதன் பிறகு வேன் இடம் தவறவில்லை.

வீட்டிலும் அதே பேச்சுத்தான். தையல்காரரான அவள் புருஷன், "நானும் உன்கிட்ட ஒரு பட்டி கேட்கணும், காலர்ப் பட்டி. கத்தரிக்கோலை எங்க வெச்ச?" என்றார். சிரித்தாள். சிரித்த கையோடு அதையும் எழுதினாள்.

மழைக்காலம் தொடங்கியதும் டிரைவர் வந்து நின்றான். "நீங்க எழுதினது புரியுது, மழைத் தண்ணியில வழிதான் புரியல. கூட வாங்கம்மா." டாக்டர் அவள் முட்டியைப் பார்த்தார். "நான் வண்டியை விட்டு இறங்கமாட்டேன் சார்," என்றாள். முதல் நாளே இறங்கிவிட்டாள்.

இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் வேனில் போகிறாள். ஜன்னலோர இருக்கை, மடியில் நோட்டு. ஆனாலும் நிம்மதியாக வேடிக்கை பார்க்க முடிவதில்லை. வண்டி ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பும்போது, ஆஸ்பத்திரியில் போன் அடிக்குமே, தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் புதுப்பையன் என்ன கேட்டு எழுதுகிறானோ என்று டிரைவரைத் துளைத்தெடுக்கிறாள்.