மஞ்சள் போடாத கறி

கோபி மஞ்சூரியனைச் சீனாவில் யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்பது ஒரு சீனாக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில், கருமத்தம்பட்டிப் பக்கம் என் வீட்டுக்காரர் சூப்பர்வைசராக இருந்த மில்லுக்குப் புதுத் தறிகளைப் பூட்ட வந்தவர் அவர். சிச்சுவான் பக்கத்து ஆள். மிளகாய் தின்று வளர்ந்தவர். அப்படியென்றால் நம் ஊர்ச் சாப்பாடு ஒத்துப்போகும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். வந்த பத்தே நாளில் மனிதர் பாதியாகிவிட்டார். சாம்பாரும் இறங்கவில்லை, பிரியாணியும் இறங்கவில்லை. கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய்ப் பெரிய ஓட்டலில் மஞ்சூரியன் வாங்கிக் கொடுத்தார்கள். இது எந்த நாட்டுச் சாப்பாடு என்று மரியாதையாகக் கேட்டாராம்.

அடுத்து ஊருக்குத் திரும்ப டிக்கெட் கேட்டார். தறிகள் பாதிப் பூட்டலில் நின்றன. அவற்றை வாங்கலாம் என்று முதலாளியிடம் அடித்துச் சொன்னவர் என் வீட்டுக்காரர். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம நம்மூட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. அவரு ஊருக் கறியவே செஞ்சுபோடறேன்," என்று சொல்லிவிட்டேன். என் வாய் எப்போதும் கைக்கு முன்னால் ஓடும்.

சீனாக்காரர் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்ல, என் வீட்டுக்காரர் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வந்தார். மெல்லிசாக நறுக்கிய வெள்ளாட்டுக் கறி, கைநிறைய வரமிளகாய், இஞ்சி, பூண்டு, பெரிய தீ. கூடவே அவர் ஊர் மிளகு ஒரு சின்னப் பொட்டலமும் கொடுத்தனுப்பியிருந்தார். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு. கறிக்கடையில் எலும்பில்லாமல் விரல் நீளத்துக்கு மெல்லிசாகப் போடச் சொன்னேன். வீட்டில் யாருக்காவது பல் போய்விட்டதா என்று கடைக்காரர் விசாரித்தார்.

நான் ஈரோட்டுக்காரி. கறி வீட்டுக்குள் வந்ததும் மஞ்சள் தூளைப் போட்டுப் பிசறிக் கழுவி, மறுபடியும் கொஞ்சம் போட்டு வைப்பதுதான் முதல் வேலை. அதைச் சமையல் என்றே நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை, கை கழுவுகிற மாதிரி. சீட்டை நான்கு தடவை படித்தேன். அதில் மஞ்சள் இல்லை. என் கைக்குப் படிக்கத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தட்டில் மஞ்சளாக விழுந்த கறியைச் சீனாக்காரர் கொஞ்ச நேரம் பார்த்தார். மூன்று வாய் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு அவரே கறி வாங்கிக்கொண்டு வந்து எங்கள் அடுப்பங்கரையில் நின்றார். வடைச்சட்டி புகைகிற வரைக்கும் காயவிட்டு, எண்ணெய் ஊற்றி, மிளகாயைக் கொட்டினார். வீடே இருமியது. மாமியார் புறவாசல் கதவைத் திறந்துவிட்டு வந்து, அந்த மிளகு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அம்மணி, எனக்கு நாக்கு இருக்குதான்னு பாரு."

மரத்துப்போன நாக்கை நீட்டிக்கொண்டு நின்றவரைப் பார்த்துச் சீனாக்காரர் சிரித்தார். எங்கள் ஊருக்கு வந்தபின் அன்றுதான் முதல் சிரிப்பு. தான் செய்த கறியில் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். அதற்கப்புறம் டிக்கெட் பேச்சே இல்லை.

மில்லுக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. ஊருக்குப் போவதற்குள் என் கையால் செய்ததை ஒரு தட்டு முழுக்க அவர் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சமைத்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மஞ்சளும் விழுந்தது. ஒருநாள் என் கை போட்டது. ஒருநாள் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றும், மாமியார் போகிறபோக்கில் ஒரு சிட்டிகை தூவிவிட்டுப் போனார். மஞ்சள் இல்லாத கறி உடம்புக்கு ஆகாது என்பது அவர் கட்சி. சீனாக்காரர் வாரத்துக்கு வாரம் இரண்டு வாய் கூடத்தான் சாப்பிட்டார். என் முகத்துக்காகச் சாப்பிடுகிறார் என்றே நினைத்தேன்.

தறிகள் எல்லாம் ஓட ஆரம்பித்து, மறுநாள் அவர் கிளம்ப வேண்டும் என்ற ஞாயிறு வந்தது. அன்று விடிந்ததும் மஞ்சள் டப்பாவைக் கொண்டுபோய் பீரோவில் பட்டுச்சேலைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். மாமியார் அதைப் பார்த்துவிட்டுப் புறவாசல் பக்கம் போய்விட்டார். வெறும் கறியை வெறும் தண்ணீரில் கழுவும்போது ஏதோ தப்புச் செய்கிற மாதிரி கை கூசியது. ஆனால் வடைச்சட்டியில் மிளகாய் சிவந்து, கறி ஓரம் முறுகி, அந்த மிளகு வாசம் எழுந்தபோது, அவர் செய்ததற்கு இது ஒரு மாற்றுக் குறையவில்லை என்று எனக்கே தெரிந்தது.

அவர் ஒரு வாய் எடுத்து மென்றார். பாதியில் நிறுத்தினார். தட்டைத் திருப்பிப் பார்த்தார். அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். அவர் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, சட்டிக்குள் எதையோ தூவுகிற மாதிரி தேய்த்துக் காட்டினார். பிறகு மில்லில் கற்றுக்கொண்ட தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"மஞ்சள் இல்லீங்களா?"

மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் சாவியை உருவிக்கொண்டு ஓடினேன். அவசரத்தில் டப்பா மூடி கழன்று என் கல்யாணப் பட்டில் பாதி கொட்டியது. மீதியைக் கொண்டுவந்து, கறியை மறுபடி சட்டியில் போட்டு ஒரு சிட்டிகை தூவிப் புரட்டிக் கொடுத்தேன். ஒரு தட்டு இல்லை, மூன்று தட்டு சாப்பிட்டார்.

அந்தக் கறை இன்னும் சேலையில் இருக்கிறது. அதை எடுக்க நான் யாரிடமும் கொடுக்கவில்லை.