அம்சவேணி போட்ட தண்டவாளம்

தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் அம்சவேணி அக்காவைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். நான் அப்படி ஆரம்பிக்க மாட்டேன். நான் இந்து, பக்கத்து வீட்டுக்காரி. சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் விடியற்காலையில் அக்காவோடு ரயிலேறி, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூருக்குப் பதினோரு வருஷமாக வேலைக்குப் போகிறவள். எனக்குத் தெரியாத அம்சவேணியை வேறு எவர் சொல்லிவிடப் போகிறார்கள்?

அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணம் வேண்டாம் என்று சொன்னபோதே லைன் ஒருமுறை தலையில் அடித்துக்கொண்டு ஓய்ந்துவிட்டது. ஏ.சி. பொருத்தும் கம்பெனி ஒன்றில் செம்புக் குழாய்களைப் பற்றவைப்பதுதான் வேலை. வெள்ளி கலந்த கம்பியை கேஸ் டார்ச் நெருப்பில் உருக்கி, இரண்டு குழாய்களை ஒன்றாக்கிவிடுவார். அந்தப் பெண்மணி போய் நீராவி இன்ஜின் செய்தார். பொம்மை என்று சொன்னால் அடிக்க வருவார். முழங்கால் உயரம்தான், ஆனால் கரி போட்டு, தண்ணீர் கொதித்து, சொந்த ஆவியில் ஓடும். பின்னால் கோர்த்த பலகை வண்டியில் நாலு பேரை உட்காரவைத்து இழுக்கும். ஆறு வருஷ உழைப்பு. இன்னாத்துக்கு இந்த வேலை என்று ரயிலில் ஒருநாள் கேட்டேன்.

"என் கை பட்ட ஜாயிண்ட் எல்லாம் எவன் ஆபீசு சீலிங்குக்கு மேலயோ மறைஞ்சு கெடக்குது இந்து. ஒண்ணாவது நாலு பேர் கண்ணுக்குத் தெரியட்டுமே."

வீடுகளுக்கு முன்னால், சந்து நெடுக அறுபதடிக்குத் தண்டவாளம் போட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஓட்டினார். மூன்றாவது ஞாயிறே லைன் சங்கத் தலைவர் கோதண்டராமன் வந்து நின்றுவிட்டார். சுரங்கம் மூடும்வரை மேஸ்திரியாக இருந்தவர். சங்கக் கூட்டத்தில் அவர் வேண்டாமென்றால் வேண்டாம்தான், அப்பீலே கிடையாது.

"நெருப்பையும் தண்ணியையும் ஒரே டப்பாவுல அடைச்சு வெச்சிருக்கே. வெடிச்சா யாரு ஜவாப்? ஆம்பளை இன்ஜினியர் யாராச்சும் பாத்து கையெழுத்துப் போடட்டும். அதுவரைக்கும் ஓட்டாதே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா சிரித்தார்.

"எதுக்கு மாமா எங்கியோ போயி ஆளத் தேடறீங்க? வர்ற ஞாயித்துக்கெழமை நீங்களே டெஸ்ட் பண்ணுங்க. ஒரு சொட்டு கசிஞ்சாலும் தண்டவாளத்த நானே எடுத்துடறேன்."

அந்தச் சோதனைக்கு நெருப்பே கிடையாது. பாய்லரில் பச்சைத் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, கைப்பம்பால் மேலும் தண்ணீரைத் திணிக்க வேண்டும். இன்ஜின் ஓடுவது எண்பது பவுண்டு அழுத்தத்தில். அதைப்போல இரண்டு மடங்கு, நூற்றறுபது பவுண்டு ஏற்றி இருபது நிமிஷம் நிறுத்திப் பார்க்கணும். பலவீனம் இருந்தால் தண்ணீர் கசியும், அவ்வளவுதான். வெடிக்காது.

ஞாயிறு காலை சந்தே கூடிவிட்டது. அக்கா பாய்லருக்கு அடியில் செய்தித்தாளை விரித்து, பம்பின் கைப்பிடியைக் கோதண்டராமனிடம் கொடுத்தார். மனுஷன் மூச்சுப் பிடித்து அழுத்தினார். நூறு. நூற்றிருபது. நூற்றைம்பதில், பொட்டென்று ஒரு சொட்டு செய்தித்தாளில் விழுந்தது.

"பாத்தீங்களா! நான் சொல்லல?" என்று கோதண்டராமன் குதித்தார்.

அக்கா குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். பம்புக் குழாயின் நட்டைச் சரியாக முறுக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அங்கே யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. நானே அவர் காதில் அதைத்தான் சொன்னேன். சும்மா இரு என்று என்னை முறைத்தார்.

"இது என் ஜாயிண்ட்தான். என் தப்பு."

அன்று மத்தியானமே தண்டவாளத்தைக் கழற்றினார். உதவிக்குப் போனவர்களைத் தொட விடவில்லை. அறுபதடியையும் தானே தூக்கிக் கொண்டுபோய் வீட்டுக்குள் அடுக்கினார். ஜன்னலில் நின்று அழுதது நான்தான், அவர் இல்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், கசிந்த ஜாயிண்டை மறுபடி பற்றவைக்கத் துணைக்கு வா என்று, டார்ச்சும் கையுமாக என் கதவைத் தட்டினார். செம்பு சூட்டை உறிஞ்சி நாலாபக்கமும் கடத்திவிடுமாம். ஒரு டார்ச் போதாது, இரண்டு பக்கமும் காட்டணுமாம். அதிலும் சூடு கொஞ்சம் கூடினால் பக்கத்தில் நன்றாக இருக்கிற ஜாயிண்ட் உருகி, ஆறு வருஷமும் போச்சு. இரண்டாவது டார்ச்சை என் கையில் கொடுத்தார். "கை ஆடுனா ஆடட்டும், நெருப்ப மட்டும் எடுக்காதே" என்றார். வெள்ளி மினுக்கென்று வளையமாக ஓடிப் பிடித்துக்கொண்ட பிறகுதான் நான் டார்ச்சை இறக்கினேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சந்தில் மறுபடியும் தண்டவாளம் கிடந்தது. கோதண்டராமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"எடுத்துடறேன்னு சொன்னே இல்ல? வார்த்தைன்னா வார்த்தையா இருக்க வாணாமா?"

"எடுத்தேனே மாமா. திரும்பப் போட மாட்டேன்னு எப்போ சொன்னேன்?"

சந்து கொல்லென்று சிரித்தது. கோதண்டராமன் முகம் சிவந்துபோய், பம்பை வெடுக்கென்று பிடுங்கினார். நூற்றறுபது ஏற்றினார். டார்ச் லைட் அடித்து ஒவ்வொரு மூலையாகத் தேடினார். இருபது நிமிஷம் போதாதென்று முப்பது நிமிஷம் நிற்கவைத்தார். அழுத்தம் காட்டும் முள் அசையவில்லை. செய்தித்தாளில் ஈரமே இல்லை.

அக்கா தண்ணீரை அளவுக்கு இறக்கி, கரியைப் பற்றவைத்தார். ஆவி எழும்பி எண்பதைத் தொட்டபோது, கோதண்டராமன் போய்த் தண்டவாளத்தின் நடுவில் நின்றுகொண்டார்.

"கசியல, சரி. ஆனா கையெழுத்து இல்லாம ஓடாது. என் தம்பி கீழ சுரங்கத்துல கல்லு வெடிச்சு செத்தவன். எனக்குத் தெரியும், ஆபத்துன்னா இன்னான்னு."

அந்தச் சாவைப் பற்றித் தெரியாத வீடு எங்கள் லைனில் இல்லை.

அவருடைய மனைவி பார்வதம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லாத மனுஷி. புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பலகை வண்டியில் முதல் ஆளாக உட்கார்ந்தார்.

"உங்க தம்பிய கீழ இறக்கனப்போ எத்தினி ஆம்பளைங்க கையெழுத்துப் போட்டிருந்தாங்க? அந்தக் கையெழுத்து கல்லத் தாங்கிப் புடிச்சிச்சா? இவ ஒரு சொட்டு வந்ததுக்கே என் தப்புன்னு சொன்னா. அன்னிக்கு அப்படி ஒருத்தன் சொன்னானா? சொல்லுங்க."

நான் ஓடிப்போய் பார்வதம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

அக்கா இன்ஜினுக்குப் பின்னால் தன் இடத்தில் அமர்ந்து விசிலை இழுத்தார். சந்தே அதிர்ந்தது. கோதண்டராமன் நகரவில்லை. அக்கா கெஞ்சவும் இல்லை, கத்தவும் இல்லை.

"மாமா," என்றார், "வண்டி வருது."

கோதண்டராமன் ஒதுங்கினார்.